காலைச் சோதனைக் குடுவை

ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வசுமதி ஸ்கேன் எடுக்கிறாள். தினமும் முதல் ஸ்கேன் ஒரு கண்ணாடிக் குடுவைக்கு. அதில் மூளையிலுள்ள ரசாயனங்களை அளந்து கலந்த கரைசல்; எது எவ்வளவு என்று மெஷின் முகடு முகடாகப் போடும் வரைபடம் என்றைக்கும் மாறக்கூடாது. மாறினால் மெஷினில் கோளாறு என்று அர்த்தம்.

2004 ஏப்ரலில், பிறந்து மூன்றே நாளான அவள் மகளை அதே மெஷினில் படுக்க வைத்தார்கள். மூளைக்குச் சக்தி போதவில்லை என்று லாக்டேட் முகடு உயர்ந்து நின்றது. நான்காம் நாள் குழந்தை இல்லை.

லீவு முடிந்து திரும்பிய நாளிலிருந்து குடுவையின் வரைபடம் மாறியது. லாக்டேட் மாதாமாதம் இறங்கியது. மூளை வளர வளர உயரும் முகடு மெல்ல உயர்ந்தது. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, குடுவையை மாற்றுங்கள் என்றார் எஞ்சினியர். அவள் மாற்றவில்லை.

மறுவருஷம் அக்டோபரில், பூஜைக்கு முந்தின வாரம், அந்த வரைபடத்தைப் பெயர் போடாமல், ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் பட்டாபிராமனிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணரை வயசு இருக்கும். குழந்தை நன்னா இருக்கு. இந்த வயசுல ஒரு குழந்தையும் ஸ்கேன்ல அசையாம படுத்துக்காது. மயக்க மருந்து குடுத்தியா?"

"இல்ல, டாக்டர். அம்மா பக்கத்துலயே நின்னுண்டிருந்தா."