நான்காவது சிவப்பு அட்டை

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. தேனியில் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். சொன்னவன் திலீபன், எங்கள் கோம்பை கால்பந்து அணியின் கோல்கீப்பர். கொஞ்சம் கூட்டிச் சொல்லுவான். அதனால் பார்த்த வேறு இரண்டு பேரிடமும் கேட்டு, ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

உத்தமபாளையத்தில் இறுதி ஆட்டம். கோம்பைக்கும் ஜெயமங்கலத்துக்கும். இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஜெயமங்கலம் ஒரு கோல் முன்னால்.

"ஏலே விசிலு! கண்ணு தெரியுதா ஒனக்கு?"

கோட்டோரம் நின்று கத்தியவர் கோம்பை மேனேஜர் ஒச்சாண்டி.

நடுவர் சூரியபிரகாஷ் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் எட்டாம் வகுப்பைச் சமாளித்தவர். நின்று நிதானமாகப் பதில் சொன்னார்.

"போன மாசந்தான் கண்ணுல ஆபரேஷன் பண்ணுனேங்கய்யா. பளிச்சுனு தெரியுது. நீங்க உக்காருங்க."

கூட்டம் சிரித்தது.

ஒச்சாண்டி உரக்கடை வைத்திருப்பவர். கடையில் அவர் பேசுவது எதிரே நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. மைதானத்தில் மட்டும் என்ன வந்து புகுந்துகொள்ளுமோ! முந்தைய மூன்று ஆட்டத்திலும் நடுவரைத் திட்டி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிட்டார்.

பெஞ்சில் துணைக் கோச் பவானி. பல்கலைக்கழக அணியில் ஆடியவர், பயிற்சியாளர் படிப்பும் முடித்தவர். தினமும் காலையில் ஆட்டக்காரர்களை ஓடவிடுவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று மண்ணில் வரைந்து காட்டுவது எல்லாம் அவர்தான். மேனேஜர் பதவி மட்டும் ஊர்க் கமிட்டியில் இருப்பவருக்குத்தான்.

"கப்பு வரலேன்னா அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை வேணாம்ப்பா" என்று கமிட்டித் தலைவர் சின்னக்கருப்பு முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

பவானி மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வேலையெல்லாம் அந்தப் பிள்ளை, வெள்ளைச் சட்டை மட்டும் இவருக்கு" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"கத்துறதாவது வெளங்குற மாதிரி கத்துறாகளா? ஆடுறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் காணோம். நடுவரையேல்ல வையுறாக!" என்றார் சுண்டல் விற்ற அக்கம்மாள்.

ஒச்சாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்தார்.

"நீ நடுவரா, இல்ல நட்டு வச்ச கம்பா?"

"வயசாச்சுல்லங்கய்யா. முன்ன மாதிரி ஓட முடியல."

"ஜெயமங்கலத்துலயா பொண்ணு கட்டியிருக்க?"

"இல்லங்கய்யா, என் சம்சாரம் கோம்பைதான். பாத்தா நீங்க எனக்கு மச்சான் முறை வேணும்."

கூட்டம் விசிலடித்தது. நடுவர் மஞ்சள் அட்டையைக்கூடத் தொடவில்லை.

அந்த நேரம் பந்து கோட்டோரம் உருண்டு வந்தது. ஒச்சாண்டி உள்ளே இறங்கினார். தோளில் கிடந்த துண்டை விரித்தார். பந்தை அதில் வைத்து மூட்டையாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

"ஐயா! மச்சான்! பந்து!"

நடுவர் ஓடினார். அவருக்குப் பின்னால் இரண்டு அணியும் ஓடியது.

கேட்டில் மறித்து மூச்சு வாங்கியபடி நடுவர் சொன்னார்: "தப்பா நெனைக்காதீக. எனக்கு வேற வழியில்ல."

சிவப்பு அட்டை.

ஒச்சாண்டி மூட்டையை அவிழ்த்துப் பந்தைக் கொடுத்தார். ஒரு கும்பிடும் போட்டார்.

"இதுக்கு இம்புட்டு நேரமா மாப்ளே?"

ஆட்டம் தொடர்ந்தது. பவானி பெஞ்சைவிட்டு எழுந்து கோட்டோரம் வந்தார்.

"அருண்பாண்டி, வலது பக்கம் போ! அந்த நாலாம் நம்பருக்கு எடது கால் வராது. அவன் மேலயே ஏறி ஆடு! திலீபா, தூக்கி அடிக்காத, உருட்டி விடு!"

அதிலிருந்து எட்டாவது நிமிடத்தில் சமன். கடைசி நிமிடத்தில் இன்னொரு கோல். கோப்பை கோம்பைக்கு.

பரிசு வாங்கிய கையோடு சின்னக்கருப்பு கேட்டின் பக்கம் வந்தார்.

"புள்ளைக கப்பைத் தூக்கிட்டு வந்திருக்காக. நீ ஊரு மானத்தையில்ல மூட்டை கட்டியிருக்க! அடுத்த வருஷமும் பவானி துணைக் கோச்சா இருக்கட்டும். மேனேஜரா கமிட்டியில வேற ஆளப் போட்டுக்கிறோம். நீ வேணாம் ஒச்சாண்டி."

"தலைவரே, அவுக ஒண்ணும்..." என்று பவானி வாயெடுத்தார்.

"நீ சும்மா இரு ஆத்தா" என்று ஒச்சாண்டி அடக்கினார். பிறகு தலைவரிடம் திரும்பி, எல்லார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கோவம் வந்தா எனக்குத் தலைகால் புரியல தலைவரே. இன்னும் ஒரே ஒரு வருஷம் நானே இருந்துக்கிறேன்."

"இம்புட்டு அசிங்கப்பட்டும் பதவி ஆசை விடுதா பாரு!" என்றார் அக்கம்மாள்.

கேட்டபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் ஒரு மனிதரைப் பற்றித் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று, மேனேஜர்களிடம் மட்டும் கொடுத்திருந்த விதித்தாளை விழாக் குழுவினரிடம் வாங்கிப் பார்த்தேன்.

ஏழாவது விதி இப்படி இருந்தது: 'ஆட்டம் நடக்கும்போது மேனேஜர் மட்டுமே வீரர்களுக்கு யோசனை சொல்லலாம். துணைக் கோச் வாய் திறக்கக் கூடாது. மேனேஜர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினால் மட்டும், அந்த உரிமை துணைக் கோச்சுக்கு வரும்.'