இப்போதுதான் உள்ளே வந்தாள்

சாராள் போனில் ஹாஸ்டலின் வருகைப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தாள். ரெஜினா ஹாஸ்டலுக்குள் வந்த நேரம்: இன்று, பிற்பகல் 3.10.

போனின் மேல்மூலையிலும் 3.10.

மகள் இந்நேரம் பொத்தேரியில் கல்லூரி வகுப்பில் இருக்க வேண்டும்.

காலையில் சோறு வடிக்கும்போது பார்த்திருந்தாள். அப்போதும் அந்த நிமிஷம்தான் மகள் உள்ளே வந்திருந்தாள். செய்யூர் பஸ்ஸில் நின்றபடி பார்த்தாள். அப்போதும்.

தான் பார்ப்பதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. வார்டன்தான் அவ்வப்போது நேரத்தை மாற்றிப் போடுகிறாளோ என்று சந்தேகப்பட்டாள். ரெஜினா வாயாலேயே யாரையும் வளைத்துவிடுவாள்.

கணவரிடம் சொல்ல முடியாது. தேவசகாயம் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி. வாசல் பதிவு பொய் சொல்லாது என்று நம்புகிறவர். ஒரு ராத்திரி ஹாஸ்டலில் இல்லை என்று தெரிந்தாலும் படிப்பு நின்றுவிடும், மாப்பிள்ளை பார்ப்பேன் என்று சொல்லித்தான் மகளைச் சேர்த்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

பக்கத்து வீட்டு மருமகள் ஜாய்ஸ், வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு இணையப் பக்கங்கள் எழுதுகிறாள். சாராள் அவளிடம் போனை நீட்டினாள்.

ஜாய்ஸ் அதே பக்கத்தை லேப்டாப்பில் திறந்தாள். அதற்கு அடியில் இருந்த நிரல் எழுத்துகளைப் படித்தாள். சிரித்தாள்.

"இது கதவ பாத்து சொல்லல அத்த. கடியாரத்த பாத்து சொல்லிகினு கீது."

பிறகு விளக்கினாள். கதவில் இருக்கும் கருவியில் விரல் வைத்தால் நேரம் பதிவாகும். ஹாஸ்டல் அதை அனுப்பும். பக்கத்துக்கு அடியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை வாங்கி, இன்று, பிற்பகல் என்று அழகாக மாற்றிக் காட்டும். எதுவும் வரவில்லையென்றால், வரவில்லை என்று சொல்லும்படி இதை எழுதவில்லை. அந்த நிமிஷத்து நேரத்தையே எடுத்து மாட்டிவிடுகிறது. எழுதியவன் அரைவேக்காடு. ஒரு மெயில் போட்டால் போதும், சரிசெய்துவிடுவான். நேரம் இல்லாத இடத்தில் வெறும் கோடு வரும்.

சாராளுக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போது நேரம் வராமல் போகும் என்று கேட்டாள்.

ஜாய்ஸ் ஹாஸ்டல் அனுப்பிய பழைய பதிவுகளைத் திறந்தாள். திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஜூலை வரை போனாள்.

"வெரலே வெக்கல அத்த. ஒரு தபா கூட."

ஜூலையில் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கியது சாராள்தான். வாசலைத் தாண்டிப் பெற்றோரை விடவில்லை.

ரெஜினா தினமும் போனில் பேசுகிறாள். மார்க் ஒழுங்காக வருகிறது. போன வாரம் இருமிக்கொண்டே பேசினாள். ஹாஸ்டலில் எல்லோருக்கும் சளி என்றாள்.

எந்த வீட்டில் படுத்து இருமினாள்?

ஜாய்ஸ் மெயிலை அடிக்கத் தொடங்கியிருந்தாள். சாராள் அவள் கையைப் பிடித்தாள். தான் பொத்தேரி போய்த் திரும்பும்வரை வேண்டாம் என்றாள்.

போன் அடித்தது. தேவசகாயம்.

டீ குடித்துக்கொண்டிருந்தார். நேற்றைவிட வெயில் என்றார். சாப்பிட்டாயா என்றார்.

"நான் எப்ப பாத்தாலும் கொயந்த உள்ளதான் கீறா. இப்பகூட வந்துட்டா. பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் சாராள்.