உப்பு குறைவு

காலை வெயில் நீச்சல்குளத்தின் அடித்தரையில் வலை வலையாக அசைகிறது. மகன் மோட்டார் அறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் தயாரிக்கும் இயந்திரத்தின் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். உள்ளே தகடுகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடைத்துக் கிடக்கிறது. இயந்திரத்தின் திரையில் 'உப்பு குறைவு' என்று வருவதாக அப்பா போனில் சொன்னபோதெல்லாம், "இன்னொரு மூட்டை போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தவன் அவன்தான். அப்படி ஒரு மூட்டையைத் தூக்கி வரும்போதுதான் அப்பா ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இனி தண்ணீரில் இறங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது அப்பா சக்கர நாற்காலியில், தோளில் துண்டோடு, நிழலிலிருந்து எட்டிப் பார்க்கிறார். "என்னடா, நான் போட்ட உப்பு பத்தலையா?" "உப்பு காரணமில்லப்பா. தகட்டுல சுண்ணாம்பு புடிச்சிருக்கு, அதான் உப்பு குறைவுன்னு தப்பா காட்டுது. கழுவினா போதும்." "அவ்வளவுதானா! நான் மூட்டையில எடை குறையுதுன்னு கடைக்காரனையில்ல திட்டிக்கிட்டிருந்தேன்!" அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார். மகன் நிமிரவில்லை. அமிலம் கலந்த தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றுகிறான். நுரை சீறிப் பொங்கி, மெல்ல மெல்ல அடங்குகிறது. தகடுகள் கறுப்பாகத் துலங்குகின்றன. நன்றாக அலசி, திரும்ப மாட்டி, சுவிட்சைப் போடுகிறான். திரை சற்று நேரம் வெறுமையாக இருந்துவிட்டு ஒளிர்கிறது: 'உப்பு அதிகம்'. "இப்ப என்னடா சொல்லுது?" என்கிறார் அப்பா. "எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லுதுப்பா" என்கிறான் மகன், திரையின் மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடியபடி.