ஏழாவது பெயர்

"பாஸ்வேர்டைச் சொல்றியா, இல்ல பேக்கைத் தூக்கிக்கினு கிளம்புறியா?"

மேனேஜர் சுதாகர் மேசையில் அடித்த அடியில் ஸ்டாப்ளர் துள்ளிக் கீழே விழுந்தது. நந்தினி நிதானமாகக் குனிந்து எடுத்து, அவர் முன்னாலேயே வைத்தாள். கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இவ்வளவு திமிரா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் ஆபீஸ் அது. ஆபீஸில் வேலை செய்கிறவர்களையும் சேர்த்து இருநூறு பேர் வேலைக்குச் சேர்ந்த தேதியும் அந்தச் சர்வரில்தான் இருக்கிறது. சீனியாரிட்டி லிஸ்டில் முதல் பத்துப் பேருக்கு பர்மனென்ட். பன்னிரண்டு மணிக்குள் லிஸ்ட் போயாக வேண்டும். சுதாகரின் மச்சினன் முப்பத்தோராவது ஆள். மச்சினன் விஷயம், சும்மா விட்டால் வீட்டில் சோறு கிடைக்குமா?

"ஏழாவது பேரு பொன்னம்மாள், முத்தாண்டிக்குப்பம். யாரோ, எவரோ! அது சேர்ந்த தேதியை மாத்திட்டு என் மச்சினனை அங்க ஏத்து."

"மாட்டேன் சார். இருபது வருஷம் உழைச்சவங்க வயித்துல அடிக்க என்னால முடியாது."

"நீ மாத்த வேணாம். அட்மின் பாஸ்வேர்டைக் குடு, நானே மாத்திக்கிறேன்."

நேற்று சாயங்காலம் அவர் ஜாடையாகப் பேசியபோதே நந்தினிக்கு விஷயம் விளங்கிவிட்டது. காலையில் ஆயாம்மா ஆபீஸைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள். பழைய பாஸ்வேர்டுக்கு முடிவு கட்டினாள். மேனேஜர் உட்பட எல்லோருடைய கணக்கிலும் திருத்தும் உரிமையைப் பிடுங்கினாள். தன் கணக்கையும் விட்டுவைக்கவில்லை.

ஆயாம்மா டீ கொண்டுவந்தாள்.

"வச்சிட்டுப் போ ஆயாம்மா. இங்க என்ன வேடிக்கை?"

டீயை வைத்தாள். போகவில்லை.

சுதாகர் குரலைத் தணித்தார். "உனக்கும் பர்மனென்ட் வாங்கித் தரேன் நந்தினி. சொல்லிடு."

"எனக்கே தெரியாது சார்."

"யார் காதுல பூ சுத்துற? நீதானே மாத்துன?"

"மாத்துற இடத்தைத் திறந்து குடுத்தேன். அப்புறம் செவுத்தைப் பார்த்துக்கினு நின்னுட்டேன். புது பாஸ்வேர்டைத் தட்டினது வேற ஒருத்தங்க." நந்தினிக்குப் பயம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் குரல் இறங்கவில்லை. "நீங்க மிரட்டினா நான் உளறிடுவேன்னு எனக்கே தெரியும் சார். அதான் தெரிஞ்சுக்கவே இல்ல."

"எவ அவ? இப்பவே கூப்பிடு இங்க!"

ஆயாம்மா காலித் தட்டை அவர் மேசையிலேயே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அவர் எதிரில் வந்து நின்றாள்.

"நான்தாங்க பொன்னம்மாள்."