கதவோரம் நின்றவரின் அறிக்கை

வகுப்பை ஒழித்துக்கட்டும் நான்கு பக்கங்களும் என் சட்டைப்பையில் இருந்தன. வியாழக்கிழமை. சிறைக்குள் நடக்கும் கட்டுரை வகுப்பின் கடைசி நாள்.

கைதிகள் ஒன்பது பேர், கல்லூரிப் பிள்ளைகள் ஒன்பது பேர், மாறி மாறி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து வாரமும் கதவோரம் நின்ற காவலர் நான், டூடெக். அந்தப் பதினைந்து வியாழனும் என் பௌலிங் குழு நான் இல்லாமலே தரையில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்தது. ஜெயிக்கவும் செய்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த பருவத்துக்கும் வகுப்பு வேண்டுமா என்று கண்காணிப்பாளர் என்னிடம் அறிக்கை கேட்டிருந்தார். இந்தப் பென்சில்வேனியச் சிறையில் பதினெட்டு வருடமாக நான் எழுதிய அறிக்கைகள் எல்லாம் ஒரே அச்சு: "சண்டை. பிரித்தோம். டூடெக்." இந்த முறை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதினேன்.

பேராசிரியை வாட்லி, ஓடிஸின் கட்டுரையைத் தூக்கிக் காட்டினார்.

"எதிராளி சொல்றதுல பலமானது எதுவோ, அதை முதல்ல சொல்லுங்க. அப்புறம் அடிங்க. பதினஞ்சு வாரமா இதைத்தானே கத்தறேன்?"

"நான் முதல்லயே அடிச்சுப் பழகினவன், மேடம்" என்றான் ஓடிஸ். உள்ளே வந்து இருபத்திரண்டு வருடம் ஆனவன்.

வட்டம் முழுக்கச் சிரித்தது. நான் இருமிச் சமாளித்தேன்.

வகுப்பு கலைந்ததும் ஓடிஸ் என்னிடம் வந்தான். "ஆபீசர், என் அறையில இருக்கற ரெஜியும் பேர் குடுத்திருக்கான். நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கான். வகுப்பு இருக்கும்ல?"

"என்னைக் கேட்டா? நான் வெறும் கதவு."

"கதவு பதினஞ்சு வாரமாத் தலையாட்டிக்கிட்டு இருந்துச்சே?"

"தூக்கம்டா. போய் வரிசையில நில்லு."

கண்காணிப்பாளர் ஹாலோவே நான்கு பக்கங்களையும் இரண்டு தடவை படித்தார். என் அறிக்கையை யாரும் இரண்டு தடவை படித்ததில்லை. படிக்க அதில் ஒன்றும் இருந்ததில்லை.

"முதல் பக்கம் முழுக்க வகுப்புக்கு ஆதரவா இருக்கே?"

"அது எதிராளியோட வாதம், மேடம். ரெண்டாம் பக்கத்துல அடிக்கிறேன்."

"ஆதாரம்?"

"மூணாம் பக்கம். வரிசையா."

அவர் நாலாம் பக்கத்தின் கடைசி வரியை விரலால் தொட்டார். வகுப்பை உடனே மூட வேண்டும் என்ற வரி. அந்த ஒரு வரியை ஆறு தடவை திருத்தியிருந்தேன். என் பௌலிங் வியாழக்கிழமைகள் திரும்பி வருவது தெரிந்தது.

அலமாரியிலிருந்து என் பழைய அறிக்கை ஒன்றை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து, "வகுப்பு தொடரட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"மேடம், மூடணும்னுதானே எழுதியிருக்கேன்?"

"ஆமா. இவ்வளவு நல்லா எழுத எங்க கத்துக்கிட்டீங்க, டூடெக்?"