எழுபத்திரண்டு

மென்பொருள் வேலைக்கு வருகிறவர்கள் பாதியில் ஊர் திரும்பிவிடக் கூடாது என்று, ஜெபின் போக நினைத்த நாடு விசாவுக்குப் பற்றுத் தேர்வு ஒன்றை வைத்திருந்தது. வீட்டார் அழுவதைத் திரையில் காட்டுவார்கள். பார்ப்பவரின் நாடித்துடிப்பு ஏறக் கூடாது. ஜெபின் இரண்டு முறை தோற்றுப் போனான். அதனால் மூன்று மாதமாக மனைவி மெர்லினே அவனுக்குப் பயிற்சி கொடுத்தாள். மகள் அனிஷா ஊசிக்கு அழுத வீடியோவைத் தினமும் ஓடவிட்டாள்.

மூன்றாம் முறை தேறிவிட்டான். விசா மையத்திலிருந்து அவன் வெளியே வந்ததும், மெர்லினோடு காத்திருந்த அனிஷா அவனிடம் ஓடினாள். படியில் இடறி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"அப்பா!" என்று அலறினாள்.

மெர்லின் பாய்ந்து போய்த் தூக்கினாள். ஜெபின் நின்ற இடத்திலேயே நின்று கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்தான்.

"மெர்லின், இங்க பாரேன், எழுபத்திரண்டு! கொஞ்சம்கூட ஏறல!" முகமெல்லாம் சிரிப்பு.

அவனை இப்படிப் பழக்கிவிட்டதே தான்தான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. குழந்தையோடு ஆட்டோவில் ஏறினாள். அவனும் ஏறக் கால் வைத்தான்.

"நீங்க வர வேண்டாம்," என்றாள். "அந்த நாட்டுக்கே போய்ச் சேருங்க."