யாருக்கு முடியலை?

மனநல மருத்துவர் சுகந்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தர்காவுக்குள் நுழைந்தாள். பிறர் துயரங்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தூக்கம் போய் மாதங்களாகியிருந்தன. உள்ளே பாயில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். போன வாரம்தான், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த அவளுடைய மகன் கையிலிருந்த மந்திரித்த கயிற்றை, "இந்தக் காலத்துலயுமா?" என்று சுகந்தி கத்தரித்துப் போட்டிருந்தாள். திரும்பிவிட நினைப்பதற்குள் செண்பகவல்லி பார்த்துவிட்டாள். நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வாங்க டாக்டரம்மா. யாருக்கு முடியலை?"

"என்... தங்கச்சிக்கு."

"பேரைச் சொல்லுங்க. நானும் வேண்டிக்கிறேன்."

வேறு பெயர் எதுவும் வாயில் வரவில்லை. "சுகந்தி" என்றாள்.

செண்பகவல்லிக்கு அவள் பெயர் தெரியாது, என்றைக்கும் டாக்டரம்மாதான். சுகந்தி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. செண்பகவல்லி கண்களை மூடிக் கையேந்தி, தன் மகன் பெயருக்கும் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னாள்.